புரூட்டஸும் கும்பலும்: எளிதில் ஏமாந்தவர் யார்?

‘ஜூலியஸ் சீஸர்’ நாடகம் குறித்து இலக்கியம் அறிந்தவர்கள் கூடிப் பேசும்போது ஒரு தீர்ப்பு மட்டும் விவாதமே இன்றி நிறைவேறிவிடுகிறது. மக்கள்திரள் மூளையற்றது, புரூட்டஸ் பேசினால் அவன் பக்கம் சாயும், சற்று நேரத்தில் ஆண்டனி பேசினால் இவன் பக்கம் சாயும், ஷேக்ஸ்பியர் சொல்ல வந்ததே இதைத்தான் என்பது அத்தீர்ப்பு. கல்லூரி ஆங்கிலப் பாடத்தில் ஆண்டனியின் இரங்கலுரையை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர் உண்டு. உரையோடு சேர்ந்து இந்தத் தீர்ப்பும் மனத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. பிறகு, தமக்கு உவப்பில்லாத தேர்தல் முடிவு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ரோமாபுரியின் அந்தப் பொதுத்திடலைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

அந்தச் சாட்சியை நாங்கள் குறுக்குவிசாரணை செய்ய விரும்புகிறோம். இந்நாடகத்தில் ஏமாற்றப்படுகிறவர்கள் பலர். அவர்களுள் ஆகக் கடினமாக மசிந்தவர்கள் அந்தத் தெருவோர மக்களே என்பது எங்கள் வாதம். தத்துவம் படித்தவனும் வீரர்களும் உயர்குடியினரும் அவர்களைவிடப் பன்மடங்கு மலிவாக விலைபோயிருக்கிறார்கள். பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசலாம்.

முதல் அங்கத்தில் மேடைக்கு வெளியே மக்கள் ஆரவாரம் கேட்கிறது. சீஸரை அரசனாக்கிவிட்டார்களோ என்று புரூட்டஸ் அஞ்சுகிறான். சற்று நேரத்தில் காஸ்கா வந்து நடந்ததைச் சொல்கிறான். லூப்பர்கல் திருவிழாவில் ஆண்டனி மூன்று முறை மகுடத்தை நீட்டினான். சீஸர் மூன்று முறையும் அதை விலக்கினார். விலக்கிய ஒவ்வொரு முறையும் கூட்டம் ஆர்ப்பரித்தது. கும்பலின் வியர்வை நாற்றத்தையும் அழுக்குத் தொப்பிகளையும் காஸ்கா பரிகசிப்பது நம் நினைவில் நிற்கிறது. அந்த அருவருப்பை வடிகட்டிவிட்டு, அவன் தரும் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மகுடம் மறுக்கப்பட்டதற்காக அந்த மக்கள் மகிழ்ந்தார்கள். மன்னராட்சி வேண்டாம் என்ற ஒரே வாக்கெடுப்பு இந்நாடகத்தில் அன்று அந்த அழுக்குத் தொப்பிகளால்தான் நடத்தப்பட்டது. கண்ணால் கண்ட சாட்சி அதைப் புரூட்டஸின் காதிலேயே போட்டுவிட்டுப் போகிறான். புரூட்டஸ் அதைக் கேட்டானா என்பதுதான் கேள்வி.

கேட்கவில்லை என்பதற்கு அவனது தோட்டக் காட்சியே சான்று. நள்ளிரவில் தனிமொழி பேசுகிற புரூட்டஸ் முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறான், சீஸர் சாக வேண்டுமென்று. காரணங்களை அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்குகிறான். தனக்குத் தனிப்பட்ட பகை ஏதுமில்லை என்கிறான். சீஸரின் உணர்ச்சிகள் அவரது அறிவை மீறியதாகத் தான் அறிந்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறான். இப்போதிருக்கிற சீஸரை வைத்துக் குற்றத்தை நிறுவ முடியாதாகையால், நாளைக்கு ஆகக்கூடிய சீஸரைப் பொரியாத பாம்பு முட்டையாகக் கற்பித்துக்கொள்வோம் என்று வாதத்துக்கு உருவம் கொடுக்கிறான். சாட்சியம் இல்லை என்று தெரிந்தே மரணதண்டனை எழுதுகிற நீதிபதியை நாம் வேறெங்கு கண்டாலும் என்ன பெயரிட்டு அழைப்போம்? இவனை மட்டும் கொள்கைவாதி என்கிறோம்.

அந்தத் தருணத்தில்தான் பணியாள் லூஷியஸ் ஜன்னலருகே கிடந்த கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறான். அது காஸியஸ் எழுதிய போலிக் கடிதம். பல குடிமக்கள் எழுதியதுபோலப் பல கையெழுத்துகளில் எழுதி வீசுவதாக அவன் முன்பே நம்மிடம் சொல்லியிருக்கிறான். கடிதம்கூட முழுமையானதன்று. பாதி வாக்கியங்களும் இடைவெளிகளுமாக இருக்கிறது. இடைவெளிகளைப் புரூட்டஸே நிரப்பிக்கொள்கிறான். தன் முன்னோர் டார்க்குவினை விரட்டிய கதையை அதில் படித்துக்கொள்கிறான். ரோமாபுரிக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான். யார் எழுதியது, எப்படி வந்தது என்று ஒரு கேள்வி இல்லை. ஒரு முகவரியற்ற துண்டுத்தாளும் ஒரு குடும்பப் பெயரும் போதுமாயிருந்தன.

இந்த இடத்தில் ஷேக்ஸ்பியர் செய்திருக்கிற மாற்றம் முக்கியமானது. அவர் கையாண்ட மூலம், தாமஸ் நார்த் 1579இல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகள். புளூட்டார்க்கில் புரூட்டஸுக்கு வருகிற எழுத்துகள் சக குடிமக்களிடமிருந்து உண்மையாகவே வந்தவை. நாடகத்திலோ அவை காஸியஸின் கைச்சரக்காக மாறிவிடுகின்றன. புரூட்டஸைப் பெருமைப்படுத்துவது மட்டுமே ஷேக்ஸ்பியரின் நோக்கமாயிருந்தால், கையில் கிடைத்த உண்மைக் கடிதங்களைப் பொய்யாக்க வேண்டிய தேவை அவருக்கு என்ன இருந்தது? மக்களின் குரலை நேரில் கேட்க மறுத்தவனுக்கு மக்களின் குரலாக ஒரு போலியைத் தந்துவிட்டு, அவன் அதை நம்புவதை நம்மை வேடிக்கை பார்க்க வைக்கிறார்.

அடுத்து லிகாரியஸ். நோயாளி, தலையில் துணி சுற்றிக்கொண்டு வருகிறான். புரூட்டஸ் ஏதோ ஒரு காரியத்தைச் சூசகமாகச் சொல்கிறான். என்னவென்று தெரியாவிட்டாலும் புரூட்டஸ் முன்னே நடந்தால் போதும் என்று துணியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். இவனுக்கு வாதமே தேவைப்படவில்லை. இதை நாம் விசுவாசம் என்கிறோம். பின்னால், கொந்தளித்த மக்கள் திடலைவிட்டு ஓட எத்தனிக்கும்போது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று தெரியாமலே போகிறீர்களே என்று ஆண்டனி அவர்களைத் தடுத்து நிறுத்துகிறான். மூலத்தில் இரு இடங்களிலும் ஏறத்தாழ ஒரே சொற்கள். உயர்குடியான லிகாரியஸின் வாயில் அவை வந்தால் விசுவாசம். செருப்புத் தைப்பவனைக் குறித்து வந்தால் வெறி. இந்த வேறுபாடு நாடகத்தில் இல்லை. வாசிக்கிற நம்மிடம் இருக்கிறது.

சீஸர்? மரணத்தை அஞ்சுபவர்களை இழிவாகப் பேசி, தான் அச்சமே அறியாதவன் என்று முழங்கிவிட்டு, மனைவி கல்பூர்னியாவின் கனவுக்காக வீட்டிலேயே இருப்பதென்று முடிவு செய்கிறார். டீஸியஸ் வந்து அதே கனவுக்கு நல்ல பலன் சொல்கிறான்; இன்று செனட் மகுடம் தரப்போகிறது என்கிறான்; மனைவி நல்ல கனவு காணும்வரை சபையை ஒத்திவைக்கலாமா என்று எவனாவது கேலி செய்வானே என்று தூண்டில் போடுகிறான். சில நிமிடங்களில் உலகை வென்றவர் மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். (தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் சன்னி வெங்கடரத்தினம் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி மறைத்து வைத்திருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில், மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று கையொப்பமிட்டது சீஸரின் இந்த முழக்கத்துக்குப் பக்கத்தில்தான். அவ்வரிகளுக்குத் தகுதியான ஒரு மனிதர் அவற்றை எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நாடகத்தின் சீஸர் அடுத்த பக்கத்திலேயே அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்.)

வரலாற்றின்படி இந்த டீஸியஸ், டெசிமஸ் புரூட்டஸ், சீஸரின் படைத்தலைவன். உயிலில் இரண்டாம் நிலை வாரிசாகப் பெயர் இடம்பெறும் அளவுக்கு அவரது அன்பைப் பெற்றவன். துரோகம் என்ற சொல்லுக்கு இவனைவிடப் பொருத்தமானவன் இல்லை. ஆனால் தாந்தே தம் நரகத்தின் அடியாழத்தில் யூதாஸுடன் சேர்த்துச் சாத்தானின் வாய்களில் வைத்தது மார்க்கஸ் புரூட்டஸையும் காஸியஸையும். அது கிடக்கட்டும்.

இப்போது பொதுத்திடலுக்கு வருவோம். புரூட்டஸ் முதலில் பேசுகிறான். அவன் உரையில் ஆதாரம் ஒன்றுகூடக் கிடையாது. சீஸருக்குப் பேராசை இருந்தது, ஆகவே கொன்றேன். என் மானத்தின் பொருட்டு என்னை நம்புங்கள். இவ்வளவுதான். அடிமையாக வாழ விரும்பும் இழிந்தவன் எவனாவது உண்டா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால், யாருக்கும் தான் தீங்கிழைக்கவில்லை என்று முடித்துவிடுகிறான். கேட்டவர்கள் இவனையே சீஸராக்குவோம் என்று கத்துகிறார்கள். விமர்சகர்கள் இந்த இடத்தில் கைகொட்டிச் சிரிப்பது வழக்கம்: குடியரசுக்காகக் கொன்றவனுக்கே முடிசூட்டப் பார்க்கிறதாம் மூடக் கும்பல். சிரிப்புக்குரிய இடம்தான். ஆனால் குடியரசு என்றால் என்ன, சட்டம் இனி யார் கையில், நாளை காலை நகரை ஆளப்போவது யார் என்று புரூட்டஸ் ஒரு வார்த்தை சொன்னானா? தன்னை நம்பச் சொன்னான். ஓர் ஆளை நம்பச் சொன்னவனுக்கு அவர்கள் ஓர் ஆளுக்குத் தரத் தெரிந்த மரியாதையைத் தந்தார்கள்.

பிறகு ஆண்டனி. இங்கே மக்கள் பேசுகிற சிறு சிறு வரிகளை நாம் படிப்பதே இல்லை. உரையை மட்டும் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். ஆண்டனி வாய் திறக்குமுன்பே, இவன் இங்கே புரூட்டஸைப் பழித்துப் பேசாமலிருப்பது நல்லது என்று ஒருவன் எச்சரிக்கிறான். எதிரான மனநிலையோடுதான் கேட்கத் தொடங்குகிறார்கள். ஆண்டனி மூன்று செய்திகளை முன்வைக்கிறான். சிறைப்பட்டோருக்குக் கிடைத்த மீட்புப்பணம் பொதுக் கருவூலத்துக்குப் போனது. ஏழைகள் அழுதபோது சீஸர் அழுதார். லூப்பர்கல் நாளில் மகுடத்தை மறுத்தார். மூன்றாவதற்கு அந்த மக்களே சாட்சிகள். காஸ்காவின் வாயால் நாம் கேட்டதை அவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான், இவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்கிறான் ஒருவன். மகுடத்தை வாங்கவில்லை, ஆகவே பேராசை இல்லை என்று காரண காரியமாக முடிவெடுக்கிறான் இன்னொருவன். இவரைவிட மோசமான ஒருவன் அந்த இடத்துக்கு வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறான் மூன்றாமவன். நடக்கப் போவதைச் சரியாகக் கணித்தவர்கள் இந்நாடகத்தில் வெகு சிலர். ஆண்டனியை உயிரோடு விடாதே, பேச விடாதே என்று மன்றாடிய காஸியஸ் ஒருவன். பெயரே இல்லாத இந்த ஆள் இன்னொருவன்.

ஆண்டனியின் பேச்சில் தந்திரம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நெர்வீகளை வென்ற மாலையில் சீஸர் முதன்முதலாக அணிந்த மேலங்கி இதுவென்று காட்டுகிறான். அந்தப் போர் நடந்தது கி.மு. 57இல், ஆண்டனி கால் நாட்டுப் படையில் சேர்ந்ததோ பிற்பாடு. எந்தக் கிழிசல் யாருடைய கத்தி என்று துணியில் தொட்டுக் காட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லை. கொலைக்குச் சற்று முன் ட்ரபோனியஸ் அவனைத் தந்திரமாக வெளியே அழைத்துப் போயிருந்தான். கும்பல் இதையெல்லாம் நம்பியது உண்மை. ஆனால் அவர்களை அசைக்க இவ்வளவு பொருள்கள் வேண்டியிருந்தன: கேள்வியறிவால் சரிபார்க்க முடிந்த செய்திகள், ஒரு பிணம், குருதி தோய்ந்த துணி, திறந்த காயங்கள், முத்திரையிட்ட உயில். புரூட்டஸுக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டுத்தாள்.

காசுக்கு விலைபோனார்கள் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. உயிலில் ஒவ்வொருவருக்கும் எழுபத்தைந்து திராக்மா எழுதியிருப்பதை ஆண்டனி படிக்குமுன்பே அவர்கள் பழிவாங்கக் கிளம்பிவிட்டார்கள். உயிலை மறந்தே போனார்கள். மறந்துவிட்டீர்களே என்று ஆண்டனிதான் திரும்ப அழைத்து நினைவூட்டுகிறான். பணத்தை மறந்துவிட்டு ஓடுகிறவனை லஞ்சம் வாங்கியவன் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

அடுத்த காட்சியில் அவர்கள் கவிஞன் சின்னாவைக் கொல்கிறார்கள். இதற்கு எங்களிடம் சமாதானம் இல்லை, தேடவும் மாட்டோம். நான் சதிகாரன் சின்னா இல்லை, கவிஞன் சின்னா என்று அவன் கதறுகிறான். மோசமான கவிதைகளுக்காகக் கொல்வோம் என்கிறார்கள். 1937இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் இந்நாடகத்தைப் பாசிச உடுப்பில் மேடையேற்றியபோது, பலரும் வெட்டிவிடுகிற இந்தச் சிறு காட்சியைத்தான் மையமாக வைத்தார், சரியாகவே செய்தார். ஆனால் அதற்கு அடுத்து வருகிற காட்சியையும் தயவுசெய்து சேர்த்தே படியுங்கள். ஆண்டனி, ஆக்டேவியஸ், லெப்பிடஸ் மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து சாக வேண்டியவர்களின் பெயர்களைப் புள்ளி குத்தித் தேர்ந்தெடுக்கிறார்கள். உன் சகோதரனை நீ கொடு, என் சகோதரி மகனை நான் கொடுக்கிறேன் என்ற கணக்கு. கும்பல் ஒரு கவிஞனை வெறியில் கொன்றது. இவர்கள் குளிர்ந்த தலையோடு எழுபதோ நூறோ செனட்டர்களைக் கொல்கிறார்கள். எண்ணிக்கையில்கூடப் பின்னால் கருத்து வேறுபாடு வருகிறது. சிசரோ அதில் ஒருவர். ‘கும்பல் வன்முறை’ என்று பரீட்சையில் கேள்வி வருகிறது. ‘மேசை வன்முறை’ என்று யாரும் கேட்பதில்லை.

அதே மேசையில்தான் உண்மையான துரோகமும் நடக்கிறது. சீஸரின் உயிலைக் கொண்டுவா, அதில் மக்களுக்கு எழுதியிருப்பதை எப்படிக் குறைக்கலாமென்று பார்ப்போம் என்கிறான் ஆண்டனி. நேற்றுவரை அந்த உயிலைத் தூக்கிப் பிடித்து அழுதவன். வரலாற்றிலும் இதற்கு நிழல் உண்டு. சூட்டோனியஸ் குறிப்பிடும் தொகை தலைக்கு முந்நூறு செஸ்டர்ஷியஸ். சீஸரின் பணத்தை ஆண்டனி கையை விட்டுக் கொடுக்காததால், வளர்ப்பு மகன் ஆக்டேவியன் கி.மு. 44இல் தன் சொத்துகளை விற்றே அதைக் கொடுக்கத் தொடங்கினான். உயிலின்படி மக்களுக்குப் பணம் கொடுத்ததைப் பிற்காலத்தில் தன் சாதனைகளைப் பொறித்த கல்வெட்டிலும் எழுதிக்கொண்டான். அந்தத் தொகையோடு ரோமாபுரிக் குடியரசின் கதையும் முடிந்தது என்பது வேறு விஷயம்.

புரூட்டஸின் மேன்மையைக் குறித்து எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எங்களில் சிலருக்கு இன்னமும் அவன்மீது இரக்கம் உண்டு. ஆனால் மேன்மையை அப்படியே விழுங்க வேண்டாம் என்பதில் அனைவரும் உடன்படுகிறோம். நான்காம் அங்கத்தில் காஸியஸுடன் நடக்கும் சண்டையைப் பாருங்கள். ஏழைக் குடியானவனின் கையைப் பிழிந்து இழிவழியில் பணம் சேர்க்க என்னால் முடியாது என்று சொல்லும் அதே மூச்சில், நான் கேட்ட பொன்னை நீ ஏன் அனுப்பவில்லை என்று கோபிக்கிறான். காஸியஸ் அந்தப் பொன்னை எங்கிருந்து பிழிந்தான் என்பது பற்றி அவனுக்குக் கவலையில்லை. வரலாற்றுப் புரூட்டஸ் இன்னும் ஒரு படி மேல். சைப்ரஸின் சலாமிஸ் நகரத்துக்கு ஆண்டுக்கு நாற்பத்தெட்டு விழுக்காடு வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, முகவர்களை முன்னிறுத்திப் பின்னால் நின்றவன். வசூலுக்குப் போன ஸ்காப்டியஸ் குதிரைப்படையோடு நகரச் சபையை முற்றுகையிட்டதில் ஐந்து உறுப்பினர்கள் பட்டினியால் செத்தார்கள். இதைச் சொல்பவர் புரூட்டஸின் எதிரியன்று, கி.மு. 51-50இல் அப்பகுதியின் ஆளுநராயிருந்த அவன் நண்பர் சிசரோ, தம் கடிதங்களில்.

இந்த மேன்மைப் படிமத்துக்கு நூலகத்துக்கு வெளியேயும் விலை உண்டு. 1864 நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் பூத் சகோதரர்கள் மூவரும் ‘ஜூலியஸ் சீஸர்’ நடித்தார்கள். அவர்கள் தந்தையின் பெயரே ஜூனியஸ் புரூட்டஸ் பூத். ஜான் வில்க்ஸ் பூத் அன்று ஏற்றது ஆண்டனி வேடம். ஐந்து மாதங்களுக்குள் அவன் லிங்கனைச் சுட்டான். தப்பி ஓடும் நாட்களில், எதற்காகப் புரூட்டஸ் போற்றப்பட்டானோ அதைச் செய்த தன்னை வேட்டையாடுகிறார்களே என்று நாட்குறிப்பில் புலம்பினான். மனைவியின் கனவைக் கேட்காத சீஸரைப் பற்றியோ, உயிலைத் திருத்துகிற ஆண்டனியைப் பற்றியோ அவன் யோசிக்கவில்லை. தந்தைக்கு இடப்பட்டிருந்த ஒரு பெயர் போதுமாயிருந்தது, தோட்டத்தில் நின்ற புரூட்டஸுக்குப் போலவே.

கடைசி அங்கத்தில் தோற்று நிற்கும் புரூட்டஸ், தன் வாழ்நாள் முழுவதிலும் தனக்கு உண்மையாயில்லாத ஒரு மனிதனைக்கூடத் தான் கண்டதில்லை என்று மகிழ்கிறான். அரங்கில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் காஸியஸின் போலிக் கடிதங்கள் தெரியும். அவனுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது. நாடகத்தில் யாரும் அவனிடம் சொல்வதில்லை. ஆண்டனியிடம் ஏமாந்த மக்கள் எப்போதாவது உயில் பணத்தை எண்ணிப் பார்த்துத் தாங்கள் ஏமாந்ததை அறிந்திருப்பார்கள். அந்த வாய்ப்பும் புரூட்டஸுக்குக் கிட்டவில்லை.

அவன் பிணத்தின் அருகே ஆண்டனி வந்து நிற்கிறான். இறந்தவனை ரோமானியர் எல்லோரிலும் மேன்மையானவன் என்கிறான். பொதுத்திடலில் அவன் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் சூது என்று வகுப்பெடுத்த அறிஞர்கள், இங்கே அவன் பேசுவதை அட்சரம் பிசகாமல் உண்மையென்று ஏற்றுக்கொள்கிறார்கள். புரூட்டஸின் மேன்மைக்கு அவர்கள் காட்டும் தலையாய மேற்கோளே இதுதான். அதே ஆள், அதே உத்தி, இன்னொரு பிணம். இம்முறை எதிரே நின்று, நியாயம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் செருப்புத் தைப்பவர்கள் யாரும் இல்லை.

இதற்குள் புரூட்டஸின் ஆட்களையெல்லாம் தான் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஆக்டேவியஸ் அறிவித்துவிட்டான். புரூட்டஸ் பாய்ந்து விழுவதற்காக வாளைப் பிடித்துக் கொடுத்த ஸ்ட்ராட்டோ பக்கத்திலேயே நிற்கிறான். மெஸ்ஸாலா பரிந்துரைத்தால் வருகிறேன் என்கிறான். மெஸ்ஸாலா பரிந்துரைக்கிறான்.